வீடியோ அழைப்பு: ஊரடங்கோடு விட்டிருக்க வேண்டிய பழக்கமா?

வழிப்போக்கன்:
2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் வேலை, வகுப்பு, மருத்துவர், துக்கம் விசாரிப்பது என்று எல்லாமே திரைக்குள் போய்விட்டன. அப்போது வேறு வழி இல்லை, சரி. தொற்று அடங்கிய பிறகும், இரண்டு வரி எழுதினால் முடிகிற விஷயத்துக்கு ஏன் கேமரா முன்னால் உட்கார வேண்டும்? முன்பெல்லாம் அலுவலகத்தை விட்டுக் கிளம்பினால் அன்றைய வேலை முடிந்தது. இப்போது சாப்பிடும் மேசையிலேயே மடிக்கணினி. இரவு பத்து மணிக்கும் "ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்று செய்தி. இந்தப் பழக்கத்தை அப்போதே விட்டிருக்க வேண்டும்.

நிலாமுற்றம்:
என்னால் ஏற்க முடியாது. என் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரையும் பார்த்துக்கொண்டு நான் சம்பாதிக்க முடிவது இந்தத் திரையால்தான். மாற்றுத்திறனாளிகள் எத்தனையோ வருடமாக வீட்டிலிருந்து வேலை கேட்டார்கள். பெரும்பாலும் கிடைத்த பதில், "அதெல்லாம் நடக்காது". தொற்று வந்ததும் சில நாட்களிலேயே நடந்தது. இரவு பத்து மணிக்குக் கூப்பிடுவது மேலாளரின் குணம், அதற்குத் தொழில்நுட்பத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். போர்ச்சுகலில் 2021-லேயே, வேலை நேரம் முடிந்த பிறகு ஊழியரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கேட்க வேண்டியது அதைத்தான்.

வழிப்போக்கன்:
மேலாளரை மாற்றினாலும் வீடியோ அழைப்பால் வரும் அசதி போகாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் இதைப் பற்றி எழுதினார். எல்லா முகங்களும் மிக அருகில் நம்மையே பார்ப்பது போன்ற உணர்வு, நம் முகத்தையே நாள் முழுக்கப் பார்ப்பது, அசையாமல் உட்காருவது, தலையாட்டலைக்கூட முயன்று செய்வது. நான்கும் கருவியோடு வந்தவை. நேரில் பேசும்போது யாராவது நம் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடிக்கிறார்களா?

கரும்பலகை:
இருவரும் பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஆசிரியை. 2020-ல் பள்ளிகள் மூடியபோது உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். 3 முதல் 17 வயதுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு வீட்டில் இணையமே இல்லை என்று யுனிசெஃப் அந்த ஆண்டே சொன்னது. என் வகுப்பில் பல வீடுகளில் ஒரே ஒரு போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப்போனால் பிள்ளைக்குப் பாடம் கிடையாது. மாலையில் குரல் பதிவாக அனுப்பினேன், கேட்டவர்கள் கேட்டார்கள். புரிந்ததா என்பதைக் குழந்தையின் கண்ணைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும், சின்னக் கட்டத்தில் அது தெரியவே இல்லை. இன்னமும் மழை விடுமுறை என்றால் உடனே "ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

நிலாமுற்றம்:
டீச்சர், பள்ளி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். சிறு பிள்ளைகளுக்குத் திரை ஈடாகாது. அதே அளவுகோலை வேலைக்கும் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வழிப்போக்கன், உங்கள் முகம் உங்களுக்கே தெரியாமல் மறைக்கும் வசதி இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசலாம்.

வழிப்போக்கன்:
அணைத்தால் "லைனில் இருக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். அந்தச் சந்தேகம் இருக்கும்வரை பொத்தான் இருந்து என்ன பயன்? வீடியோ அழைப்புச் சேவையையே தொழிலாக நடத்தும் ஜூம் நிறுவனமே 2023-ல், அலுவலகத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் ஊழியர்களை வாரம் இரண்டு நாள் நேரில் வரச் சொன்னது. நேரில் பார்ப்பதன் மதிப்பு அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நிலாமுற்றம்:
கேமராவைக் கட்டாயமாக்குவதை எதிர்த்தால் நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பழக்கத்தையே விட வேண்டும் என்று ஊழியர்களே சொன்னால், அடுத்த வாரமே எல்லாரையும் திரும்பக் கூப்பிடுவார்கள். நீங்கள் கிளம்பிப் போய்விடுவீர்கள். அப்பாவை யாரிடம் விட்டுவிட்டு நான் வருவது?