ஆடித் தேருக்கு வருபவர்கள் அரிக்கமேட்டுக்கும் ஒரு காலைப் பொழுது ஒதுக்குங்கள்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ரெயூனியன் தீவில் இருக்கும் நம் அண்ணன் ஒருவர், இந்த வருடம் வீராம்பட்டினம் தேருக்குப் பிள்ளைகளோடு வருகிறேன், அவர்களுக்குக் காட்ட அரியாங்குப்பம் பக்கம் என்ன இருக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தார். பாரதி பூங்கா, தாவரவியல் பூங்கா, நோணாங்குப்பம் போட் ஹவுஸ் என்று ஆளாளுக்குப் பதில் எழுதினீர்கள். காக்காயன்தோப்பில் இருக்கும் நம் அரிக்கமேட்டை ஒருவரும் எழுதவில்லை. அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

பாரதி பூங்கா நல்ல இடம்தான். நடுவில் நிற்கும் ஆயி மண்டபம்தான் புதுச்சேரி அரசின் சின்னம். தன் வீட்டையே இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையும், முத்தரையர்பாளையத்திலிருந்து பட்டணத்துக்குத் தண்ணீர் வந்த கதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை. 1761இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டை நின்றதும் அந்த இடத்தில்தான். தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கியது. கிட்டத்தட்ட இருநூறு வயது. ஆனால் நம் ஆற்றங்கரை மேட்டின் வயது இரண்டாயிரம் வருடம்.

செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி கடலுக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுண்ணாம்பாறு, இன்னொன்று நம் அரியாங்குப்பத்தாறு. ஆறு வளையும் இடத்தில், தென்னையும் மாமரமும் நிற்கும் அந்த மேட்டில்தான் ரோமாபுரியோடு வியாபாரம் நடந்தது. கிரேக்க மொழியில் எழுதிய பழைய கடற்பயணக் குறிப்பில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

1930களில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், நம் கரையோரப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் வாங்கிப் பார்த்துத்தான் இந்த மேட்டின் அருமையைக் கண்டுகொண்டார். உலகத்துக்கு இந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததில் நம் பாட்டன் பூட்டன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. அப்புறம் 1945இல் ஆங்கிலேயத் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். இத்தாலியில் செய்து, குயவர் முத்திரை குத்திய சிவப்புப் பாத்திரத்தின் ஓடுகள் கிடைத்தன. அந்தப் பாத்திரங்கள் எந்தக் காலத்தவை என்று முன்பே தெரிந்திருந்ததால், அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தமிழ் பிராமி எழுத்து கீறிய ஓடுகளும் கிடைத்திருக்கின்றன.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கப்போவது மணிக்கதைதான். உருக்கிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கினால் பாசிமணி. குழாயில் துளை முதலிலேயே இருப்பதால் ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டியதில்லை. இதே வகை மணி தென்கிழக்கு ஆசியா வரைக்கும் கிடைக்கிறது. மழை பெய்து விட்டால் மேட்டில் பானை ஓடுகளும் மணிகளும் இப்போதும் கண்ணில் படும். எடுக்கக் கூடாது, பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

போன வருடம் அம்மாவையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். காலை எட்டரை மணிக்கே வெயில் ஏறிவிட்டது. இரண்டு செங்கல் சுவர்கள் நிற்குமே, 1770களில் இருந்த பாதிரியார் மடத்தின் மிச்சம் என்பார்கள், அதன் நிழலில் அம்மா தரையில்தான் உட்கார்ந்தார். எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. நாற்காலி இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கழிப்பறைக்குத் திரும்ப ஊருக்குள் வர வேண்டியிருந்தது. அங்கிருந்து நோணாங்குப்பம் போனோம். டிக்கெட் கவுன்ட்டர், நிழல், டீ, படகு என்று எல்லாம் இருந்தது. சுண்ணாம்பாற்றில் படகில் போய் முகத்துவாரத்து மணல்திட்டில் மகள் ஒரு மணி நேரம் ஆடினாள். சந்தோஷம்தான். ஆனால் இரவு அவள் கேட்டது மேட்டைப் பற்றி: "அங்கே ஏன் யாருமே இல்லை?"

அதனால் நம் ஊர்ச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு கட்டலாம் என்று பேச்சு ஓடுகிறது. அந்தப் பணத்தை ஆற்றங்கரைக்குத் திருப்பலாமே! மேட்டின் மேல் எதையும் கட்டச் சொல்லவில்லை, கட்டவும் கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். மண்ணுக்குள் இன்னும் என்னென்ன இருக்கிறதோ, ஒரு கம்பம் நடக் குழி தோண்டினாலும் சேதம்தான். அந்தத் தடை எல்லையைத் தாண்டி, ஊர்ப் பக்கமாக ஒரு கழிப்பறை, குடிநீர்க் குழாய், புங்கமர நிழலில் நாலு சிமெண்ட் பெஞ்சு, சாயங்காலம் பெரியவர்கள் இரும்புக் குண்டு எறிந்து பெத்தாங் ஆட ஒரு செம்மண் தரை போதும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய சொல்தா தாத்தாக்கள் தினமும் வந்து உட்கார்ந்தால் இடத்துக்கும் காவல் ஆகும். மேட்டின் கதையைத் தமிழிலும் பிரெஞ்சிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். பிரெஞ்சுக்கு, பாரிஸ் பக்கம் லா கூர்னேவில் இருக்கும் அக்கா கைகொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தேர் ஆடி ஐந்தாம் வெள்ளி. மறுநாள் சனிக்கிழமை காலை ஆறரைக்கு, வெயிலுக்கு முன்னால், ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் காக்காயன்தோப்பு முனையில் கூடுவோம். மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெஞ்சு போட எந்த இடம் தோதுப்படும் என்று நேரிலேயே பேசிக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலும் பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலியும் நான் கொண்டுவருகிறேன். வருபவர்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கள். எத்தனை நாற்காலி என்று தெரிய வேண்டும்.