மூன்று ரிமோட்டை ஒன்றாக்க வழி உண்டா? (டிவி + டிடிஎச் பாக்ஸ் + சவுண்ட்பார்)

நெல்லைப் பையன்:
ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 71. வீட்டில் ஆண்ட்ராய்டு டிவி, டிடிஎச் பாக்ஸ், தம்பி வாங்கிக் கொடுத்த சவுண்ட்பார். ஆளுக்கொரு ரிமோட். கரண்ட் போய் வந்தால் டிவி சானலுக்குப் போகாமல் சினிமா போஸ்டர் நிறைந்த முகப்பில் வந்து நின்றுவிடுகிறது. சவுண்ட்பார் ஆஃப் ஆகியே கிடக்கும். சரியாக சீரியல் நேரத்தில் எனக்கு போன் வரும்: "படம் ஓடுது, சத்தத்தக் காணோம்யா." வீடியோ காலில் பட்டனைக் காட்டச் சொன்னால் ஃபேன்தான் தெரிகிறது. சவுண்ட்பார் ஆப்டிகல் கேபிளில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது சரிசெய்ய வேண்டும். யுனிவர்சல் ரிமோட் வாங்கலாமா?

கேபிள் கந்தன்:
இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். முதலில் அந்த ஆப்டிகல் கேபிளைக் கழற்றுங்கள். அதில் ஒலி மட்டும்தான் போகும், "ஆன் ஆகு", "சத்தத்தைக் கூட்டு" போன்ற கட்டளைகள் போகாது. எச்டிஎம்ஐ கேபிளில் இதற்கென்றே சிஇசி என்று தனி இணைப்பு இருக்கிறது. டிவியின் பின்னால் ஏதாவது ஒரு எச்டிஎம்ஐ துளையில் மட்டும் ஏஆர்சி (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) என்று அச்சிட்டிருக்கும். பல சவுண்ட்பார்களிலும் அதே பெயருள்ள துளை இருக்கும். இரண்டையும் இணைத்துவிட்டு டிவி செட்டிங்ஸில் சிஇசியை ஆன் செய்யுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். எல்லாம் ஒன்றுதான். அப்புறம் டிவியோடு சவுண்ட்பாரும் எழுந்துகொள்ளும், டிவி ரிமோட்டே சத்தத்தைப் பார்த்துக்கொள்ளும். ஏஆர்சி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது, அதனால் உங்கள் டிவியில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மாடிவீட்டு மாமி:
சீரியலுக்கு எதற்கு சவுண்ட்பார்? கழற்றி வைத்துவிட்டால் ஒரு ரிமோட் குறைந்ததே!

நெல்லைப் பையன்:
நானும் யோசித்தேன் மாமி. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். டிவி ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துப் பேசுகிறது, வசனம் புரியவில்லை என்கிறார்.
கந்தன் அண்ணா, அப்படிச் செய்தாலும் டிவிக்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று என இரண்டு ரிமோட் மிஞ்சுமே?

கேபிள் கந்தன்:
பாக்ஸ் ரிமோட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் டிவி பவர், வால்யூம், சோர்ஸ் என்று சில பட்டன்கள் தனியாக இருக்கிறதா பாருங்கள். பல டிடிஎச் ரிமோட்டுகளில் அவை மற்ற ரிமோட்டின் சிக்னலைக் கற்றுக்கொள்ளும். பொதுவாக, செட் பட்டனைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்துங்கள். கற்க வேண்டிய பட்டனை ஒருமுறை தட்டுங்கள். பிறகு டிவி ரிமோட்டை அதற்கு எதிரே மூக்கோடு மூக்காகப் பிடித்து அதே பட்டனை அழுத்துங்கள். விளக்கு மினுக்கினால் கற்றுக்கொண்டது. மாடலுக்கு மாடல் முறை கொஞ்சம் மாறும். புளூடூத் வழியாகப் போகும் பட்டன்களை இப்படிக் கற்க வைக்க முடியாது, ஆனால் பவர் பட்டன் பெரும்பாலும் இன்ஃப்ராரெட்தான் (கண்ணுக்குத் தெரியாத ஒளி), அதைக் கற்றுக்கொள்ளும்.
ஆக அம்மா பாக்ஸ் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் டிவி கேட்டுக்கொண்டு சவுண்ட்பாருக்குச் சொல்லும். கரண்ட் பிரச்சினைக்கு, டிவி ஆன் ஆகும்போது கடைசியாகப் பார்த்த இன்புட்டுக்கே போகச் சொல்லும் செட்டிங் உங்கள் டிவியில் இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா டிவியிலும் கிடையாது.

ராணி டீச்சர்:
டிவி ரிமோட்டை அலமாரிக்குள் வையுங்கள். வெளியே இருந்தால் பேரப்பிள்ளைகள் வந்து கலைத்துவிடுவார்கள். பாக்ஸ் ரிமோட்டில் தேவையில்லாத பட்டன்கள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். என் மாமனாருக்கு பவர், சானல், வால்யூம் மட்டும் விட்டிருக்கிறேன். எந்த செட்டிங்கையும்விட அந்த டேப்தான் எங்கள் வீட்டில் வேலை செய்கிறது.

நெல்லைப் பையன்:
ஊரிலிருந்து எழுதுகிறேன். சத்தம் சரியாகிவிட்டது, பாக்ஸ் ரிமோட்டும் கற்றுக்கொண்டது, டேப்பும் ஒட்டியாயிற்று. கடைசி இன்புட் செட்டிங் கிடைத்தது. ஆனால் புதுத் தலைவலி: பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிவி சில நேரம் தானாக எச்டிஎம்ஐ 2-க்குத் தாவுகிறது. அதில் தம்பியின் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் இருக்கிறது.

கேபிள் கந்தன்:
அதுவும் சிஇசி வேலைதான். ஸ்டிக் விழித்துக்கொண்டால் "என்னைக் காட்டு" என்று டிவியிடம் சொல்லும் வசதி உண்டு. ஸ்டிக்கின் செட்டிங்ஸில் மட்டும் சிஇசியை ஆஃப் செய்யுங்கள். டிவியில் ஆஃப் செய்தால் சவுண்ட்பாரும் போய்விடும். ஸ்டிக்கை அம்மா பார்ப்பதே இல்லையென்றால் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்.

நெல்லைப் பையன்:
பிடுங்கியாயிற்று. தம்பிதான் கோபமாக இருக்கிறான்.