செக்கோஸ்லோவாகியா அமைதியாகப் பிரிந்தது. யூகோஸ்லாவியா ஏன் போரில் சிதறியது?

இளவேனில்:
முதல் உலகப் போரின் முடிவில், 1918இல் உருவான நாடுகள் இவை இரண்டும். செக்கியரும் ஸ்லோவாக்கியரும் 1993 ஜனவரி 1 அன்று துப்பாக்கிச் சூடு எதுவுமின்றித் தனி நாட்டினர் ஆயினர். யூகோஸ்லாவியா சிதறியபோதோ அதன் குடியரசுகளுள் ஒன்றான பொஸ்னியாவில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். பால்கன் மக்களின் பழம்பகையே காரணம் என்ற விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. வேறு விளக்கம் உண்டா?

வரலாற்று மாணவன்:
அந்த விளக்கம் யூகோஸ்லாவியாவுக்குள்ளேயே பொய்த்துவிடுகிறது. அதன் குடியரசுகளான ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் 1991 ஜூன் 25 அன்று, ஒரே நாளில் விடுதலையை அறிவித்தன. முன்னதில் சண்டை பத்து நாட்களில் ஓய்ந்தது, பின்னதில் 1995 வரை நீடித்தது. ஸ்லோவேனியாவில் செர்பியர் மிகச் சிலரே. குரோஷியாவில் அவர்கள் சுமார் 12 விழுக்காட்டினர், பொஸ்னியாவில் சுமார் 31 விழுக்காட்டினர். மாநில எல்லை பன்னாட்டு எல்லையாக மாறும்போது, கூட்டாட்சியின் மிகப் பெரிய இனமாக இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே அயல்நாட்டுச் சிறுபான்மையினர் ஆகிவிடுகிறார்கள். செக்கியர், ஸ்லோவாக்கியர் இடையிலான எல்லையோ, 1918 வரை அப்பகுதியை ஆண்ட ஹப்ஸ்பர்க் பேரரசின் காலத்திலிருந்தே நிலைத்திருந்தது. அதற்கு அப்பால் சிக்கிக்கொண்டவர்கள் சொற்பம்.

கிழக்கு வாசல்:
மக்கள்தொகைக் கணக்கு பாதி விடைதான். சோவியத் ஒன்றியம் கலைந்தபோது ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் ரஷ்யாவுக்கு வெளியே வாழ்ந்தனர். ஆயினும் ரஷ்யக் குடியரசுத் தலைவர் யெல்ட்சின் குடியரசுகளின் எல்லைகளை அப்படியே ஏற்றார் என்பதால் பெரும்போர் அப்போது மூளவில்லை. (சோவியத் ஒன்றியத்தில் இருந்த கராபாக், திரான்ஸ்னிஸ்திரியா ஆகிய இடங்களில் சிந்திய குருதியை நான் மறக்கவில்லை.) செர்பியத் தலைவர் மிலோஷெவிச் அவ்வாறு ஏற்கவில்லை, கூட்டாட்சிப் படையும் அவர் பக்கம் சாய்ந்து, குரோஷியாவின் க்னின் வட்டாரத்துச் செர்பியப் போராளிகளுக்குத் துணை நின்றது. செக்கோஸ்லோவாகியப் படை அரசியலுக்குள் வராததால், செக் பிரதமர் கிளாவுசும் ஸ்லோவாக்கியப் பிரதமர் மெச்சியாரும் பிர்னோ நகரில் அமர்ந்து பேசி முடிக்க முடிந்தது. பொதுச் சொத்துகளை மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று என்று பங்கிட்டார்கள்.

இளவேனில்:
இருவருக்கும் நன்றி. அமைதியான பிரிவு மக்கள் ஒப்புதலோடுதான் நிகழும் என்று நினைத்திருந்தேன்.

வரலாற்று மாணவன்:
இல்லை. செக்கோஸ்லோவாகியாவில் பொது வாக்கெடுப்பே நடக்கவில்லை. இரு பகுதிகளிலும் பெரும்பான்மையினர் பிரிவை விரும்பவில்லை என்றே கருத்துக் கணிப்புகள் காட்டின. பிரிவுக்குத் தலைமை தாங்க விரும்பாத ஹாவெல், 1992 ஜூலையில் குடியரசுத் தலைவர் பதவியைத் துறந்தார். பொது நாணய ஏற்பாடும் ஆறு வாரங்களுக்குள் முறிந்து, பழைய நோட்டுகளில் எந்த நாட்டுப் பணம் என்று காட்டும் முத்திரைத் தலை ஒட்டிச் செலவழிக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் யாரும் ஆயுதம் எடுக்கவில்லை என்றால், புதிய எல்லையால் வீட்டையோ நிலத்தையோ இழப்போம் என்று அஞ்ச அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை என்பதையே முதன்மையாகச் சொல்வேன்.