ஏற்காட்டில் துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் டிராக்கரை எப்படி நேராக்குவது?

மொட்டைமாடி_சேலம்:
வணக்கம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா, 200 மி.மீ. லென்ஸ், வானம் நகரும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் சின்ன ஸ்டார் டிராக்கர் வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் சொந்தக்காரர் தோட்டத்தில், காப்பி காயப்போடும் களத்தில் நின்றுதான் ஓரியன் நெபுலா எடுக்கிறேன். 20 விநாடிக்கு நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்கின்றன. 60 விநாடி போனால் நாலு பிக்சல் நீளத்துக்குக் கோடு விழுகிறது. வடக்குப் பக்கம் முழுக்கச் சில்வர் ஓக் மரங்கள். துருவ நட்சத்திரம் கண்ணிலேயே படாது. அதனால் போனை டிராக்கர் மேலேயே வைத்து, அதிலிருக்கும் திசைகாட்டியைப் பார்த்து வடக்கு பிடிக்கிறேன். சாய்வு 12 டிகிரி. கடையில் கேட்டால் பெரிய மவுன்ட் வாங்கச் சொல்கிறார்கள். மோட்டார்தான் கோளாறா?

காப்பிக்காடு:
சேர்வராயன் மலையடிவாரம் பூரா மாக்னசைட் சுரங்கம்தானே தம்பி. திசைகாட்டியை அது இழுக்காமல் என்ன செய்யும்?

ஜவ்வாது_இரவு:
மாக்னசைட் காந்தக் கல் இல்லை அண்ணா, அது மக்னீசியம் கார்பனேட். திசைகாட்டி முள்ளை ஆட்டக்கூடியது மாக்னடைட். அதற்குப் பேர்போனது சேலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கஞ்சமலை. இங்கே சந்தேகப்பட வேண்டியது டிராக்கரைத்தான். அதன் உள்ளே மோட்டாரும் இரும்புத் திருகுகளும் இருக்கின்றன, போன் கவரில் காந்தப் பூட்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். சரி, பெரிய மவுன்ட் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். கோடு எந்தத் திசையில் விழுகிறது?

மொட்டைமாடி_சேலம்:
ஓரியனின் இடுப்பிலிருந்து வாளை நோக்கி இழுத்த மாதிரி.

ஜவ்வாது_இரவு:
அப்படியென்றால் வடக்கு தெற்காக. மோட்டார், பல்சக்கரம், எடை சமநிலை இவற்றில் குறை இருந்தால் கோடு கிழக்கு மேற்காக விழும். வடக்கு தெற்காக விழுவது டிராக்கர் சுழலும் அச்சு வானத்தின் வட துருவத்தைப் பார்க்காததால் வருவது.

கணக்கும் ஒத்துப்போகிறது. உங்கள் கேமராவில் 200 மி.மீ. லென்ஸுக்கு ஒரு பிக்சல் ஏறக்குறைய 4 விகலை (ஒரு டிகிரியில் 3600 விகலை). அச்சு ஒரு டிகிரி தள்ளியிருந்தால் நிமிடத்துக்கு 16 விகலை வரை நகரும், அதாவது 4 பிக்சல். உங்கள் கோட்டின் நீளமும் அதுதான். 60 விநாடிக்குப் புள்ளியாக வேண்டுமென்றால் கால் டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: துருவ நட்சத்திரம் தெரிந்து, அதை நட்டநடுவில் வைத்தாலும் போதாது. உண்மையான துருவத்திலிருந்து அதுவே 0.6 டிகிரி தள்ளித்தான் இருக்கிறது.

மரத்தை வெட்ட வேண்டாம், தெற்கு வானத்தை வைத்தே சரிசெய்யலாம். முதலில் முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்துங்கள். சாய்வு 12 இல்லை, 11.8, ஏற்காட்டின் அட்சரேகை அதுதான். அப்புறம் இடுப்புப் பட்டையின் மேற்கு நட்சத்திரமான மின்டாகா. அது வான நடுக்கோட்டை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) ஒட்டியே இருப்பதால் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். பிப்ரவரி நடுவில் இரவு எட்டு மணி வாக்கில் உச்சியைக் கடக்கும். அந்த நேரத்தில் டிராக்கரை ஓடவிட்டுச் சில விநாடிகளுக்கு ஒரு படம், எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. இரண்டையும் பெரிதாக்கி மின்டாகா இருக்கும் இடத்தை ஒப்பிடுங்கள். வாள் இருக்கும் பக்கமாக, அதாவது தெற்கே நகர்ந்திருந்தால் அச்சு கிழக்கே அதிகம் போயிருக்கிறது. டிராக்கரை மேற்கே இம்மி திருப்புங்கள். வடக்கே நகர்ந்திருந்தால் எதிர்ப்பக்கம். ஒரு டிகிரி பிழைக்கு ஐந்து நிமிடத்தில் 20 பிக்சல் நகரும் என்பதால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். சாய்விலும் சந்தேகம் இருந்தால் கிழக்கே தாழ்வாக, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நட்சத்திரத்தில் இதையே செய்யுங்கள். அங்கே தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது.

சங்கு_நிழல்:
முதல் திசையையே ஓரளவு சரியாகப் பிடித்துவிட்டால் இரவில் பாதி வேலை மிச்சம். கோயில் கட்டச் சங்கு (செங்குத்தான முளைக்குச்சி) நட்டுத் திசை பார்ப்பார்களே, அதே முறை. பகலில் களத்தில் ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சூரியன் உச்சியைக் கடக்கும் நேரத்தில் நூலின் நிழல் மேல் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அந்த நேரம் 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, ஏற்காடு இருப்பது 78.2இல். அதிலேயே 17 நிமிடம் தாமதம். அதோடு சூரியனின் சொந்த ஏற்ற இறக்கமும் சேரும்: ஜனவரி நடுவில் 12:26, பிப்ரவரி நடுவில் 12:31, நவம்பர் தொடக்கத்தில் 12:01. ஜனவரியில் ஒரு நிமிடம் தப்பினால் அரை டிகிரி தப்பும், அதனால் போன் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 வாக்கில் மட்டும் இந்த வேலையே வேண்டாம். சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், நிழலே இருக்காது.

மொட்டைமாடி_சேலம்:
சுண்ணாம்புக் கோடும் மின்டாகாவும் கைகொடுத்தன. போன் காட்டிய வடக்கு நன்றாகவே கிழக்கே இருந்திருக்கிறது. இப்போது 60 விநாடிப் படங்களில் பெரும்பாலானவை புள்ளி. சிலதில் மட்டும் கிழக்கு மேற்காக லேசான நீட்சி.

இன்னொரு கேள்வி: ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தை ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கத்திலிருந்து எடுக்கலாமா? பகலில் இதே லென்ஸில் சூரியனையும் எடுக்கலாமா?

ஜவ்வாது_இரவு:
அந்த நீட்சி பல்சக்கரத்தின் வேலை, சின்ன டிராக்கர் எல்லாவற்றிலும் உண்டு. அந்தப் படங்களைக் கழித்துவிட்டு மீதியை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள்.

லேடீஸ் சீட் வேண்டாம். அங்கிருந்து தெற்கே பார்த்தால் சேலத்து வெளிச்சம் முழுக்க முகத்தில் அடிக்கும். ஒமேகா சென்டாரி ஏற்காட்டில் அதிகபட்சம் 31 டிகிரிதான் ஏறும், அந்த வெளிச்சத்துக்குள்ளேயே கிடக்கும். சேலம் நகரம் உங்களுக்கு வடக்கே இருக்கும்படி ஒரு கிராமத்தைப் பாருங்கள். மலை உயரத்தைவிட அதுதான் முக்கியம்.

சூரியனை எடுக்கலாம், ஆனால் சூரிய வடிகட்டித் தாள் லென்ஸின் முன்பக்கம் இருக்க வேண்டும், காற்றுக்குக் கழன்று விழாதபடி டேப் போட்டு. 3.8 அடர்த்தித் தாள் (எண் கூடக் கூட ஒளி குறையும்) படம் எடுக்க மட்டும்தான், அதைப் போட்டுக்கொண்டு வியூஃபைண்டரில் கண் வைக்கக் கூடாது. கண்ணுக்கு 5.0. எக்ஸ்ரே ஃபிலிம், வெல்டிங் கடையில் கிடைத்த ஏதோ ஒரு கண்ணாடி, இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை. 200 மி.மீ.யில் சூரியன் 475 பிக்சல் அகலம்தான் வரும், பெரிய கரும்புள்ளிகள் மட்டும் தெரியும். சேலத்து மொட்டைமாடியில் எடுப்பதானால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். தளம் சூடேறிவிட்டால் சூரியனின் விளிம்பு கொதிக்கிற சோறு மாதிரி துள்ளும், எந்த லென்ஸ் போட்டாலும் தேறாது.