கேட்ட சம்பளமும் கேட்காத சம்பளமும்: பெங்களூரில் இருந்து சில அனுபவங்கள்

ஸ்ரீராமபுரம் வாசி:
நம் வேலைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு முதன்முதலில் எப்போது தெரிந்தது? நேற்று டீக்கடையில் கிளம்பிய பேச்சு. ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். உங்களுடையதையும் எழுதுங்கள்.

பீன்யா டர்னர்:
ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 2003-இல் தர்மபுரியில் இருந்து பீன்யாவுக்கு வந்தேன். ஒரு சின்ன ஜாப்-ஒர்க் ஷாப், அதாவது மற்ற கம்பெனிகளின் ஆர்டருக்குப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறை. லேத் வேலை. அடுத்த வருடமே முதலாளி சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் லேத் வாங்கினார். எனக்கு ஆபரேட்டர் என்று பெயர். வேலை என்னவோ பீஸை மாட்டு, பச்சை பட்டனை அமுக்கு, கழற்று. புது ஜாப் வந்தால் வெளியில் இருந்து ஒரு செட்டர் வருவார், மலையாளி அண்ணன். பீஸைப் பிடிக்கும் தாடையை (சாஃப்ட் ஜா) அளவுக்குக் கடைந்து, டூல் எங்கே நிற்க வேண்டும் என்ற அளவை (ஆப்செட்) மெஷினில் போட்டு, முதல் பீஸை பாஸ் பண்ணிக் கொடுப்பார். அதுவரை மெஷின் சும்மா நிற்கும். நானும் நிற்பேன்.

2008-இல் ஒருநாள் முதலாளி மேசையில் ஒரு கொட்டேஷன் கிடந்தது. மெஷினுக்கு மணிக்கு 350 ரூபாய் என்று போட்டிருந்தார். என் சம்பளம் அப்போது 6,000. மணிக்கணக்கில் பார்த்தால் 29 ரூபாய்கூட வரவில்லை. வயிறு எரிந்தது. ஆனால் அது தப்புக் கணக்கு. மெஷின் தவணை, கரண்ட், வாடகை, இன்செர்ட் (இரும்பைச் சீவும் சின்ன வெட்டு முனை) எல்லாம் அந்த 350-க்குள்தான். சரியான கணக்கு சில நாள் கழித்துதான் மண்டையில் ஏறியது. ஒரு செட்டிங்குக்கு நாலு மணி நேரம் மெஷின் நின்றால் 1,400 ரூபாய் போச்சு. மாதத்துக்கு எட்டு ஜாப் மாறும். அப்படியென்றால் 11,200. ஏறக்குறைய என்னைப்போல் இரண்டு பேரின் சம்பளம்!

செட்டிங் கற்றுக்கொடுங்கள் என்று அந்த மலையாளி அண்ணன் காலில் விழாத குறை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே சுற்றினேன். இன்செர்ட் டப்பாவில் சிஎன்எம்ஜி 120408 என்று இருக்கும். கடைசி 08 என்றால் நுனி ரேடியஸ் 0.8 மில்லிமீட்டர் என்று அவர் சொல்லித்தான் தெரியும். நாலு வருடமாகக் கையில் பிடித்திருந்த டப்பா அது! ஒருமுறை ஆப்செட்டில் 0.2 போட வேண்டிய இடத்தில் 2.0 போட்டேன். இன்செர்ட் தெறித்தது, பீஸ் காயலாங்கடைக்குப் போனது. மூன்று நாள் முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு செட்டிங்குக்கும் எத்தனை மணி ஆனது என்று நோட்டில் எழுதி வந்தேன். நாலு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்ததும் நோட்டோடு முதலாளியிடம் போய் நின்றேன். 9,000 கேட்பதாகத்தான் நினைப்பு. வாய் 8,500 என்றது. "நோட்டை வெச்சிட்டுப் போ" என்றார். மறுநாள் திரும்பி வந்த நோட்டில் பென்சிலால் ஒரு திருத்தம். மாதத்துக்கு எட்டு ஜாப் இல்லையாம், பதினொன்றாம். என் கணக்கைவிட நான் அதிகமாகவே மிச்சப்படுத்தியிருக்கிறேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். சம்பளம்? 8,500 தான். கேட்டதைக் கொடுத்துவிட்டார், குறை சொல்ல முடியாது.

அல்சூர் பிளவுஸ் அக்கா:
அந்த 500 ரூபாய் எனக்கே வலிக்கிறது தம்பி. என் கதையும் அதேதான். ஃபால்ஸ், பிகோ அடித்துக்கொண்டிருந்தவள் ஆரி வேலை கற்றுக்கொண்டேன். முதல் கல்யாண பிளவுஸ், இரண்டு கைக்கும் வேலைப்பாடு. இப்ராகிம் சாகிப் தெருவில் மணியும் ஜரியும் வாங்கி மூன்று நாள் குனிந்து போட்டேன். 1,500 ரூபாய் என்றேன். அந்த அம்மா பேரமே பேசாமல் பணத்தை அனுப்பிவிட்டார். பேரம் பேசாதபோதே எனக்குப் புளியைக் கரைத்தது. சாமான் செலவைக் கழித்தால் ஃபால்ஸ் அடித்தே அதைவிடச் சம்பாதித்திருப்பேன். இப்போது வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் கணக்கு வைத்து, அதற்கு மேல்தான் விலை சொல்கிறேன். இரண்டு பேர் விலகிப் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு.

ஒயிட்ஃபீல்டு தம்பி:
மன்னிக்கணும், எனக்கு இது சரியாக வரவில்லை. ராத்திரி கண்விழித்து இரண்டு சர்டிபிகேட் வாங்கினேன். ஆபீஸில் யாரும் சீண்டவில்லை.

பீன்யா டர்னர்:
தம்பி, உங்கள் டீமில் எந்த வேலை நின்றால் மேனேஜர் எழுந்து ஓடி வருவார்?

ஒயிட்ஃபீல்டு தம்பி:
மாதக் கடைசி ரிப்போர்ட், அண்ணா. அது ஒரு அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவரும் அடுத்த மாதம் பிரசவ லீவில் போகிறார்.

பீன்யா டர்னர்:
அப்புறம் இங்கே என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்? திங்கட்கிழமை நாற்காலியை அவர் பக்கத்தில் போடுங்கள். நோட்டு மறக்காதீர்கள்.