அத்தை டிக்கெட்: சுபாங்கா, பஸ்ஸா?

குழு: எல்மினா தோட்டத்துக் குடும்பம், மலேசியா

செல்வி: பாட்டி 80வது பிறந்தநாளுக்கு அத்தை சனிக்கிழமை பினாங்குல இருந்து வராங்க. காலையில 10க்கு சுபாங் ஏர்போர்ட்டுல ஃபிளைட் இறங்குது. யாரு போயி ஏத்துறது?

குமார்: நான் போறேன்

கவிதா: மட்டன் எத்தனை கிலோ சொல்லட்டும்?

செல்வி: புரட்டாசி சனிடி!!

கவிதா: ஐயோ

செல்வி: ஒரு பிரச்சனை. சுபாங்னு கேட்டதுல இருந்து பாட்டி சாப்பிடல. அங்க இறங்கவே கூடாதாம்.

குமார்: ஏன்?

பெரியப்பா: உங்களுக்கெல்லாம் தெரியாது. 1977 செப்டம்பர் 27, சாயங்காலம், மழை. எனக்கு 12 வயசு. ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8, ஹாங்காங்ல இருந்து சுபாங்குக்கு வந்தது. ரன்வே கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே இறங்கக்கூடாத உயரத்துக்கு இறங்கி, நம்ம தோட்டத்து மேட்டுல மோதிடுச்சு. 79 பேர்ல 34 பேர் போயிட்டாங்க. 45 பேர் பிழைச்சாங்க.

கவிதா: நம்ம எல்மினாவா? நான் வீடு வாங்குன எல்மினா?

பெரியப்பா: அதேதான். அப்ப எல்லாம் பால்மரம், ரப்பர் தோட்டம்.

கவிதா: பாட்டிகிட்ட சொல்லிடாதீங்க

செல்வி: பாட்டி பக்கத்துலதான் இருக்காங்க, சொல்றதை அப்படியே எழுதுறேன். "தாத்தா டார்ச் லைட்டோட ஓடுனாரு. லயத்து வீடுங்கள்ல இருந்த கம்பளியெல்லாம் வாங்கிட்டுப் போனாங்க. என் கல்யாணக் கம்பளியும் போச்சு, திரும்பக் கேக்கல. மறுநாள் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல யாரும் பேசல. மரத்துல ரப்பர் பால் பிடிக்கிற மங்குங்க நசுங்கிக் கெடந்துச்சு, உள்ள எண்ணெய்."

குமார்: 😔

பெரியப்பா: 1983 டிசம்பர் 18ல மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) ஏர்பஸ், சிங்கப்பூர்ல இருந்து சுபாங்குக்கு வந்தது, ரன்வேக்கு 2 கிலோமீட்டர் முன்னாடியே விழுந்து எரிஞ்சது. ஆனா 247 பேரும் உயிரோட வந்துட்டாங்க! 1989 பிப்ரவரி 19ல சுபாங்குக்கு வந்த சரக்கு விமானம் பூச்சோங் பக்கம் விழுந்துச்சு. கண்ட்ரோல்ல 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ'ன்னாங்க, 2,400 அடின்னு அர்த்தம். 'டூ'வை (two) 'டு'ன்னு (to) எடுத்துக்கிட்டு 400 அடிக்கு இறங்கிட்டாங்க. 4 பேரும் போயிட்டாங்க. ஒரு சொல்லு, பாத்தீங்களா.

செல்வி: பெரியப்பா போதும், பாட்டி கேக்குறாங்க

பெரியப்பா: 1965ல திறந்தப்ப சுபாங் ரன்வே 3,780 மீட்டர், தென்கிழக்கு ஆசியாவுலயே நீளம். பின்னாடி ஒரு நாள் அப்பா எங்களைச் சைக்கிள்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு. 98ல புது ஏர்போர்ட், கேஎல்ஐஏ, வந்தப்புறம் வெறிச்சோடிப் போச்சு. எனக்கு அந்த இடம் இன்னும் பிடிக்கும்.

குமார்: 2023 ஆகஸ்ட் 17ல எல்மினாவுல விழுந்த சின்ன ஜெட்டும் சுபாங்குக்கு வந்ததுதானே. உள்ள 8 பேர், ரோட்டுல போன 2 பேர். பத்து நிமிஷம் முன்னாடிதான் நான் அந்த ரோட்டைத் தாண்டுனேன். வீட்டுல யார்கிட்டயும் சொல்லல.

செல்வி: குமாரு 😢 இதை ஏன்டா இப்ப சொல்ற

கவிதா: கேஎல்ஐஏவுக்கு டிக்கெட் மாத்தலாமா?

அத்தை: எல்லாம் படிச்சேன். மாத்த வேணாம், நான் பஸ்ல வரேன். அம்மா அழக்கூடாது.

குமார்: பஸ்ல 5 மணி நேரம் அத்தை, முட்டி வலி?

பெரியப்பா: தங்கச்சி, ஃபிளைட்லயே வா. அம்மாகிட்ட நான் பேசுறேன்.

அத்தை: அண்ணே, வீட்டு விஷயத்துக்கப்புறம் மூணு வருஷமா எங்கிட்டயே நீங்க பேசல

செல்வி: அத்தை, அது நேர்ல

பெரியப்பா: குமாரு, ஏத்தப் போறப்ப எனக்கும் கார்ல இடம் வை

குமார்: சுபாங்கா, பஸ் ஸ்டாண்டா பெரியப்பா?

செல்வி: பாட்டி படுத்துட்டாங்க. காலையில கேட்டுச் சொல்றேன். பால் பாயாசம் யாரு செய்யறது?