தூசிக்குள் ஒளிந்த குவேசாரை எப்படிப் பிடிக்கிறார்கள்?

கேள்வி: மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கியில் 3சி 273 குவேசாரைப் பார்த்துவிட்டேன் (குவேசார் என்றால், தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவே பெரிய கருந்துளை ஒன்று பொருளை விழுங்கும்போது பளீரென்று ஒளிரும் மையம்). வெறும் புள்ளிதான், ஆனாலும் ராத்திரி தூக்கமே வரவில்லை. தூசி மூடிய குவேசார்களும் இதில் சிக்குமா? இல்லையென்றால் எப்படிப் பிடிக்கிறார்கள்?

பதில்: அதில் சிக்காது. கருந்துளையைச் சுற்றிப் பிறக்கும் ஒளியைத் தூசி விழுங்கிச் சூடாகி, அகச்சிவப்பாக உமிழும். 2009 டிசம்பரில் ஏவிய வைஸ் விண்கலம் 3.4, 4.6, 12, 22 மைக்ரான் அலைநீளங்களில் வானம் முழுவதையும் படமெடுத்தது. முதல் இரண்டில் மங்கி, மற்ற இரண்டில் பளிச்சென்று தெரிபவற்றைத் தேடினார்கள். கோடிக்கணக்கான புள்ளிகளில் சுமார் ஆயிரம்தான் தேறின. பெயர் 'ஹாட் டாக்' (Hot DOG: 'சூடான, தூசி மறைத்த விண்மீன் மண்டலம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). யாருக்கோ பசி போல!

இன்னொருவர்: டபிள்யூ2246-0526 என்ற ஹாட் டாக்கை விட்டுவிட்டீர்களே! சூரியனைப் போல் 300 லட்சம் கோடி மடங்குக்கும் மேல் பிரகாசம். அதன் ஒளி கிளம்பி 1,240 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி கேட்டவர்: சரி, இவ்வளவு தூரம் என்பதை எப்படி உறுதி செய்தார்கள்?

பதில்: நிறமாலைதான், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்ப்பது. ஹவாயின் கெக் மாதிரி பெரிய தொலைநோக்கியில் எடுத்தால் சிவப்புப் பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு) தெரிந்துவிடும்; அதிலிருந்து தூரம் கிடைக்கும்.